முறுக்கை அளந்த கம்பிச்சுருள்கள்

சுழலும் தண்டு ஒரு முனையில் எந்திரத்தால் திருப்பப்பட்டு, மறுமுனையில் சுமையை இழுக்கும்போது, அதன் உடல் சிறிதளவு முறுக்கிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழியும்போது நடப்பதேதான் இங்கும் நடக்கிறது. எஃகு என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த நுண்ணிய முறுக்கைத் தண்டைத் தொடாமலே, காந்தத்தின் துணையால் அளந்து சொல்வது காந்த முறுக்குவிசை உணரி. இன்று கார் ஸ்டீயரிங்கிலும், மின்சைக்கிளின் மிதிகட்டையிலும், உருட்டாலையிலும், கப்பலிலும் அது வேலை செய்கிறது. நூறாண்டுக்கும் மேற்பட்ட அதன் வரலாற்றில், துல்லியம் கூடிய கட்டங்களில் எல்லாம் ஓர் உத்தி திரும்பத் திரும்பக் கைகொடுத்திருக்கிறது. சுருள்களை எதிரெதிர் இணைகளாக அமைத்து, வேண்டாத விளைவுகளை ஒன்றையொன்று கழித்துக்கொள்ள விடுவதே அந்த உத்தி.

நீராவிக் கப்பலில் எழுந்த தேவை

பிஸ்டன் எந்திரங்களின் காலத்தில் கப்பல் கட்டுவோர் தண்டின் முறுக்கைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஜேம்ஸ் வாட்டின் பட்டறையில் பிறந்த ‘இண்டிகேட்டர்’ என்ற சிறு கருவி, உருளைக்குள் நீராவியின் அழுத்தம் ஒவ்வொரு வீச்சிலும் ஏறி இறங்குவதைக் காகிதத்தில் கோடாக வரைந்து கொடுத்தது. அந்தக் கோடு வளைத்த பரப்பைக் கொண்டு எந்திரத்தின் குதிரைத்திறனைக் கணக்கிட்டார்கள்.

சார்ல்ஸ் பார்சன்ஸ் உருவாக்கிய நீராவி டர்பைன் அந்த வழியை அடைத்துவிட்டது. 1897இல் ஸ்பிட்ஹெட்டில் நடந்த பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்பில் அவருடைய ‘டர்பினியா’ படகு, துரத்திய காவல் படகுகளுக்குப் பிடிகொடுக்காமல் ஓடிக் காட்டியது. 1901இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் டென்னி சகோதரர்களின் தளத்தில் கட்டப்பட்ட ‘கிங் எட்வர்ட்’, டர்பைனால் ஓடிய முதல் வணிகப் பயணிக் கப்பல் ஆயிற்று. டர்பைனுக்குள் பிஸ்டனும் இல்லை, வீச்சும் இல்லை. இண்டிகேட்டரைப் பொருத்த இடமே இல்லை. எந்திரம் எவ்வளவு திறனைத் தருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள, அதிலிருந்து உந்திக்குப் போகும் தண்டு ஒன்றுதான் மிஞ்சியது.

தண்டு தரும் தகவல் மிகச் சிறியது. 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் 2000 கிலோவாட் திறனைக் கடத்துவதாகக் கொண்டால், ஒரு மீட்டர் நீளத்தில் அது முறுக்கிக்கொள்ளும் அளவு சுமார் 0.07 பாகை. பத்து மீட்டர் நீளத்துக்கும் முக்கால் பாகை தேறாது. ஆனால் அந்தப் பத்து மீட்டரின் இரு முனைகளிலும் அரை மீட்டர் ஆரமுள்ள சக்கரங்களைப் பொருத்தினால், அவற்றின் விளிம்புகளுக்கு இடையே 6 மில்லிமீட்டர் நழுவல் தெரியும். முறுக்குமானிகளைச் செய்தவர்கள் இந்தப் பெருக்கத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். அன்றைய ஜெர்மனியின் ஸ்டெட்டினில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் நெம்புகோல்களைக் கொண்டு அளந்தார். இங்கிலாந்தில் ஹாப்கின்சனும் திரிங்கும் தண்டில் கண்ணாடியைப் பொருத்தி, அது வீசும் ஒளிக்கற்றையின் நகர்வைப் படித்தார்கள்.

டென்னி தளத்தில் ஆர்ச்சிபால்ட் டென்னியும் ஜான்சனும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உருவாக்கிய முறுக்குமானி காந்தத்தையும் கம்பிச்சுருளையும் நாடியது. தண்டின் இரு இடங்களில் இரு இலேசான சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு நிலைக்காந்தம். சக்கரங்களுக்குக் கீழே, அசையாத தேனிரும்பு வில்லில், சம இடைவெளியில் பல தனித்தனிச் சுருள்கள். காந்தம் ஒரு சுருளைக் கடக்கும் கணத்தில் அதில் ஒரு மின்துடிப்பு எழும். எல்லாச் சுருள்களின் முனைகளும் தூரத்தில் இருந்த ஒரு பெட்டிக்கு வந்தன; அங்கே ஒருவர் டெலிபோன் கேட்பியைக் காதில் வைத்து உட்கார்ந்திருந்தார். இரு சக்கரங்களின் கீழிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு சுருள்களின் துடிப்புகள் கேட்பிக்குள் எதிரெதிராகச் சேர்க்கப்பட்டன. இரண்டும் ஒரே கணத்தில் வந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ‘டிக்’ ஒலி அடங்கிவிடும். தண்டு முறுக்கினால் ஒரு காந்தம் பின்தங்கும். ஒலி மீண்டும் எழும். பெட்டியின் விசையை அடுத்தடுத்த சுருள்களுக்கு நகர்த்தி, ஒலி அடங்கும் இடத்தைக் கண்டுபிடித்தால் முறுக்கின் அளவு கிடைத்தது.

அளப்பவரின் காது துடிப்பின் வலிமையை மதிப்பிட வேண்டியதில்லை. துடிப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டால் போதும். காந்தம் காலப்போக்கில் வலுவிழந்தாலும், தண்டின் வேகம் மாறினாலும், இரு துடிப்புகளும் ஒருசேரவே மாறும். அமைதியான இடம் மாறாது. கருவியின் துல்லியம் சுருள்களை எவ்வளவு நெருக்கமாகவும் சீராகவும் பதித்தார்கள் என்பதில் அடங்கியிருந்தது. சுருளின் வடிவமைப்பு துல்லியத்தைத் தீர்மானித்த தொடக்கக் காலச் சான்று இது.

இரும்புக்குள் நடப்பது

கப்பல் முறுக்குமானிக்கு நீண்ட தண்டு வேண்டும். குட்டைத் தண்டில் கோணம் மறைந்தேபோகும். அங்கே கைகொடுத்தது இரும்பின் இன்னொரு குணம். 1842இல் மான்செஸ்டரில் ஜேம்ஸ் ஜூல், காந்தமாக்கப்பட்ட இரும்புத் தண்டு சற்றே நீள்வதைக் கண்டார். மேக்னட்டோஸ்ட்ரிக்ஷன் என்று பின்னர் பெயர் பெற்ற இந்த நீட்சி, பத்து லட்சத்தில் சில பங்கு மட்டுமே. இதற்கு மறுதலையும் உண்டு: காந்தமான இரும்பை இழுத்தாலோ அமுக்கினாலோ அதன் காந்தத்தன்மை மாறும். 1865இல் எமிலியோ வில்லாரி இதை ஆராய்ந்து எழுதியதால் இது வில்லாரி விளைவு எனப்படுகிறது. முறுக்கிய இரும்புக் கம்பியில் எழும் காந்த விளைவுகளை அவருக்கு முன்பே கார்லோ மத்தேயுச்சியும் குஸ்தாவ் வீடெமானும் ஆராய்ந்திருந்தார்கள்.

முறுக்கு அளவைக்கு மிக முக்கியமான செய்தி டோக்கியோவிலிருந்து வந்தது. 1878 முதல் 1883 வரை அங்கே ஆசிரியராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூவிங், கம்பிகளை முறுக்கியும் இழுத்தும் அவற்றின் காந்தத்தை அளந்தார். சுமையை ஏற்றும்போது காந்தம் ஒரு பாதையில் மாறியது. சுமையை இறக்கும்போது வந்த வழியே திரும்பாமல் பின்தங்கியே வந்தது. அந்தப் பின்தங்கலுக்கு ‘ஹிஸ்டெரிசிஸ்’ என்று பெயரிட்டவர் அவரே. தமிழ்ப் பாடநூல்கள் அதைக் காந்தத் தயக்கம் என்கின்றன. பிற்கால உணரிகளை விடாமல் துரத்திய பிழை இதுதான்: ஒரே முறுக்குக்கு, ஏறும்போது ஓர் அளவும் இறங்கும்போது வேறோர் அளவும்.

யூவிங்குக்குப் பின் அங்கே ஆசிரியராக வந்த கார்கில் நாட் என்பவரின் மாணவர் நாகவோகா ஹன்டாரோ, நிக்கலிலும் இரும்பிலும் மேக்னட்டோஸ்ட்ரிக்ஷனை ஆராய்ந்தார். 1909இல் அவரே, குட்டையான சுருளின் மின்தூண்டல் எவ்வளவு இருக்கும் என்பதற்கான திருத்தக் குணகத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார். முடிவில்லாமல் நீண்ட சுருளுக்கான சூத்திரம், முனைகளில் காந்தக்கோடுகள் விரிந்து சிதறுவதைக் கணக்கில் கொள்வதில்லை. நீளமும் விட்டமும் சமமான சுருளின் உண்மையான மின்தூண்டல், அந்தச் சூத்திரம் சொல்வதில் 0.69 பங்குதான். பொருளின் காந்தக் குணமும் சுருளின் வடிவமும் என்ற, முறுக்கு உணரியின் இரு பாதிகளும் இந்த ஒருவர் கையிலேயே ஆராயப்பட்டிருந்தன. ஆனால் அவை கருவியாகச் சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

நாற்பத்தைந்து பாகையின் கணக்கு

தண்டின் மேற்பரப்பில், அச்சுக்கு இணையாக ஒரு சிறு சதுரம் வரைந்து தண்டை முறுக்கினால், சதுரம் சாய்சதுரமாகும். ஒரு மூலைவிட்டம் நீளும், மற்றது குறுகும். தண்டின் அச்சுக்கு 45 பாகை சாய்வான ஒரு திசையில் இழுவிசையும், அதற்குச் செங்குத்தான மறு திசையில் அமுக்கமும் எழுகின்றன என்பதே இதன் பொருள். இழுபடும் திசையில் சாதாரண எஃகு காந்தக்கோடுகளுக்கு எளிதாக வழிவிடும்; அமுங்கும் திசையில் சற்று மறுக்கும். முறுக்கை எதிர்த்திசையில் மாற்றினால் இரு திசைகளும் இடம் மாறிக்கொள்ளும். ஆகவே இரு சாய்வுகளையும் தனித்தனியே உணரும் சுருள்களை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் முறுக்கு கிடைக்கும்.

இதற்குள் ஒரு போட்டிக் கருவி களத்துக்கு வந்துவிட்டது. 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்சும் ஆர்தர் ரூஜும் தனித்தனியே கண்டுபிடித்த ஒட்டுக்கம்பி ‘ஸ்ட்ரெய்ன் கேஜ்’, உலோகப் பரப்பின் திரிபை மின்தடை மாற்றமாகக் காட்டியது. ஆய்வகத்தில் அதன் துல்லியத்துக்கு நிகர் கிடையாது. சுழலும் தண்டில்தான் சிக்கல்: தண்டின் மேல் ஒட்டிய கேஜுக்கு மின்சாரம் கொடுக்கவும் அதன் குறிப்பை வெளியே எடுக்கவும் உரசும் வளையங்களும் தூரிகைகளும் வேண்டும். அவை தேயும், அழுக்கேறும், இரைச்சல் சேர்க்கும். தண்டில் எதையும் ஒட்டாமல் வெளியிலிருந்தே உணர முடிந்தால் ஆலைகளுக்கும் வண்டிகளுக்கும் பெரிய நிம்மதி. காந்த உணரி வளர்ந்ததற்குக் காரணம் இந்தத் தேவை.

1954இல் ரிச்சர்ட் பெத்தும் வேட் மீக்சும் சுழலும் தண்டின் முறுக்கைக் காந்த முறையில் அளப்பது பற்றி எழுதிய கட்டுரை, கிளைத்தலை எனப்படும் அமைப்பை முன்வைத்தது. நடுவில் ஒரு காந்தத் துருவம்; அதைச் சுற்றி நான்கு மூலைகளில் நான்கு துருவங்கள். நடுத்துருவத்தின் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும். அது எழுப்பும் காந்தப்பாயம் சிறு காற்றிடைவெளியைத் தாண்டித் தண்டுக்குள் இறங்கி, நான்காகப் பிரிந்து, நான்கு மூலைகளிலும் மேலேறும். எதிரெதிரான இரு மூலைகள் ஒரு சாய்வில் உள்ளன. மற்ற இரண்டும் மறு சாய்வில். முறுக்கில்லாதபோது நான்கிலும் பாயம் சமம். முறுக்கினால் ஒரு சோடியில் கூடும், மறு சோடியில் குறையும். மூலைச் சுருள்களை எதிரெதிராக இணைத்தால் வித்தியாசம் மட்டும் வெளியே வரும்.

நான்கு மூலைகள் வைத்ததில் ஓர் ஆழமான பயன் உண்டு. தலை ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்துவிட்டால், தண்டுக்கு நெருங்கிய மூலைகளில் பாயம் கூடும். விலகிய மூலைகளில் குறையும். ஆனால் ஒவ்வொரு சோடியிலும் ஒன்று நெருங்கினால் மற்றது விலகுகிறது. சோடியின் கூட்டுத்தொகை ஏறக்குறைய மாறாது. சாய்வால் வரும் பிழை அங்கேயே பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. தலை முழுவதும் தண்டிலிருந்து விலகினால் நான்கும் ஒருசேரக் குறையும். கழித்தலில் சுழியம் மாறாது. ஆனால் உணர்வுத்திறன் குறையும். ஒரே முறுக்குக்குக் குறைந்த அளவு காட்டும். இதற்கு மருந்தாக, சுருள்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கும் முறை பின்னர் வழக்கமாயிற்று. கழித்தல் சுழியத்தைக் காக்கும். வகுத்தல் அளவுகோலைக் காக்கும்.

வளையமாகச் சூழ்ந்த துருவங்கள்

ஒற்றைத் தலையின் பெரிய குறை, அது தண்டின் ஒரு சிறு பரப்பை மட்டும் பார்ப்பது. எஃகு எங்கும் ஒரே சீரானதல்ல. உருட்டியபோது பதிந்த படிக ஒழுங்கு, கடைந்தபோது தங்கிய உள்தகைவு, கடினமாக்கியபோது நேர்ந்த ஏற்ற இறக்கம் ஆகியவை இடத்துக்கு இடம் காந்தத் தன்மையை மாற்றுகின்றன. தண்டு சுழலச் சுழல, முறுக்கு மாறாமல் இருந்தும் உணரியின் அளவு அலையும். ஒவ்வொரு சுற்றிலும் அதே அலை திரும்ப வரும்.

ஸ்வீடனின் வெஸ்டெரோஸ் நகரில் ஏ.எஸ்.இ.ஏ. நிறுவனத்தில் பணியாற்றிய ஓர்வர் டாலே இதற்கு விடை கண்டார். 1954இல் அவர் உருவாக்கிய ‘பிரஸ்டக்டர்’ என்ற விசையுணரியில், தகடுகளை அடுக்கிய எஃகுக் கட்டையில் நான்கு துளைகள் இருந்தன. அவற்றின் வழியே இரு சுருள்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சுற்றப்பட்டிருந்தன. சுமை இல்லாதபோது ஒரு சுருளின் காந்தப்புலம் மறு சுருளுக்குள் நுழைவதில்லை. அங்கே மின்னழுத்தமும் இல்லை. சுருள்களுக்கு 45 பாகை சாய்வில் சுமை ஏறும்போது காந்தக்கோடுகள் கோணி, இரண்டாவது சுருளைத் துளைக்கும், மின்னழுத்தம் எழும். உருட்டாலைகளின் கடும் வெப்பத்தையும் அதிர்வையும் இக்கருவி தாங்கியது.

அதே சிந்தனையைத் தண்டுக்குக் கொண்டுவந்தது ‘டார்டக்டர்’. அதன் வளைய வடிவம் தண்டைத் தொடாமல் முழுமையாகச் சூழ்ந்து நின்றது. நடு வளையத்தில் வடக்கும் தெற்குமாக மாறி மாறி அடுக்கிய துருவங்கள், அவற்றில் தூண்டும் சுருள்கள்; இருபுறமும் இரு வளையங்களில், அரைத் துருவ இடைவெளி தள்ளிப் பொருத்திய துருவங்கள், அவற்றில் உணரும் சுருள்கள். இந்தத் தள்ளலால் நடு வளையத்திலிருந்து புற வளையங்களுக்குப் போகும் பாயம் தண்டின் மேற்பரப்பில் இரு சாய்வுகளிலும் பாய்ந்தது. சுற்றிலும் உள்ள எல்லாத் துருவங்களின் சுருள்களும் தொடராக இணைக்கப்பட்டதால், எஃகின் எல்லா மேடுபள்ளங்களும் ஒரே நேரத்தில் கூட்டப்பட்டுச் சராசரியாயின. தண்டு மையத்திலிருந்து சற்று விலகி ஓடினாலும், ஒரு பக்கம் நெருங்குவதும் மறுபக்கம் விலகுவதும் பெருமளவு சரிக்கட்டிக்கொண்டன. கழித்தலோடு சராசரியும் சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் வளையம் பெரியது, கனமானது, விலை கூடியது. கப்பலுக்கும் ஆலைக்கும் ஏற்றது, காருக்கு ஒவ்வாதது.

தண்டைச் சுற்றிய சுருள்

பல துருவங்களின் வேலையை ஒரே சுருளால் செய்ய முடியும்: தண்டையே உள்ளே விட்டுச் சுற்றும் சுருள்குழல். அது இயல்பாகவே சுற்றளவு முழுவதையும் ஒருசேரப் பார்க்கும், செய்வதும் எளிது. அதில் ஒரு தடை உண்டு. அதன் காந்தப்புலம் தண்டின் அச்சு வழியே ஓடுகிறது; இழுவிசைத் திசையும் அமுக்கத் திசையும் அச்சுக்குச் சம சாய்வில் இருப்பதால் ஒன்றின் கூடுதலும் மற்றதன் குறைவும் ஈடாகிவிடும். வெறுந்தண்டில் சுருள்குழல் முறுக்கை உணராது. தண்டின் மேற்பரப்பிலேயே 45 பாகைச் சாய்வை வரைந்து காட்ட வேண்டும்.

1982இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் ஹரதா, சசாதா ஆகியோரின் குழு, படிக ஒழுங்கில்லாத அமார்ஃபஸ் உலோக நாடாக்களைத் தண்டில் ஒட்டி இதைச் செய்துகாட்டியது. உருகிய உலோகத்தை மிக வேகமாகக் குளிரவைத்து எடுக்கும் இந்த நாடாக்கள் எஃகைவிடப் பல மடங்கு அதிகமாகத் தகைவை உணர்கின்றன. காந்தத் தயக்கமும் குறைவு. தண்டின் ஒரு பகுதியில் வலச்சாய்வும், அடுத்த பகுதியில் இடச்சாய்வுமாக, மீன்முள் போன்ற வடிவில் பட்டைகள் அமைந்தன. ஒவ்வொரு பகுதியையும் ஒரு சுருள் சூழ்ந்தது. முறுக்கும்போது ஒரு சுருளின் மின்தூண்டல் ஏறும், மற்றதில் இறங்கும். ஒட்டிய பசை வெப்பத்தில் தளர்ந்ததால், பின்னாளில் முலாம் பூசுதல், தெளித்துப் படியவைத்தல், தண்டிலேயே சாய்வான பள்ளங்கள் வெட்டுதல் என வேறு வழிகள் வந்தன. சாய்ந்த பட்டைகளும் இரட்டைச் சுருள்களும் அப்படியே நீடித்தன.

துல்லியத்தின் சுமை இப்போது அந்த இரு சுருள்களின் ஒற்றுமை மேல் ஏறியது. ஓர் எளிய கணக்கு இதைக் காட்டும். சுருளின் மின்தூண்டல் சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. 200 சுற்றுள்ள சுருளில் ஒரே ஒரு சுற்று குறைந்தாலும் மின்தூண்டல் 1 சதவீதம் குறையும். முழு முறுக்கில் மின்தூண்டல் மாறுவது 1 சதவீதம் என்றால், விடுபட்ட அந்த ஒரு சுற்று, முழு முறுக்கின் அளவுக்குப் பொய்க்குறிப்பைத் தரும். நிலையான பிழை என்றால் தொடக்கத்திலேயே கழித்துவிடலாம். சமமில்லாத சுருள்கள் வெப்பத்துக்கும் சமமில்லாமல் பதில் சொல்வதால் பிழை நகர்ந்துகொண்டே இருக்கும். கழித்துக் கட்ட முடியாது.

வெப்பம் தரும் தொல்லையும் சிறிதல்ல. செம்பின் மின்தடை ஒரு பாகை செல்சியஸுக்கு 0.39 சதவீதம் கூடுகிறது. 50 பாகை உயர்ந்தால் ஏறக்குறைய 20 சதவீதம். தேடும் குறிப்போ 1 சதவீதத்தின் நூற்றில் ஒரு பங்கு. இரு சுருள்களையும் ஒரே கம்பியில், ஒரே சட்டத்தில், அருகருகே சுற்றி, பாலச் சுற்றில் அடுத்தடுத்த புயங்களாக வைத்தால் இந்த மாற்றத்தின் பெரும்பகுதி கழிந்துபோகும். மின்னழுத்தத்துக்குப் பதிலாக மின்னோட்டத்தை மாறாமல் வைத்தால், தடை மாறினாலும் காந்தப்புலம் மாறாது. தூண்டும் சுருளையும் உணரும் சுருளையும் பிரித்து, உணரும் சுருளில் மின்னோட்டமே ஏறக்குறைய ஓடாதபடி அளந்தால், அந்தச் சுருளின் தடை கணக்கில் சேராது.

சுருளுக்கு ஊட்டும் அதிர்வெண்ணும் வடிவமைப்பின் ஓர் உறுப்பு. மாறுதிசைக் காந்தப்புலம் எஃகுக்குள் ஆழமாக நுழையாது. சுழல் மின்னோட்டங்கள் அதைத் தடுக்கும். சாதாரண எஃகில் 10 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அது ஊடுருவுவது கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான். முறுக்கும் தண்டில் தகைவு மிகுவது மேற்பரப்பில்தான் என்பதால், மேலோட்டமாகப் பார்ப்பது ஆதாயம். அதிர்வெண்ணை இன்னும் உயர்த்தினால் பார்வை, தண்டின் மேல் பூசிய உணர்படலத்துக்குள்ளேயே அடங்கும். உள்ளிருக்கும் எஃகின் குறைகள் தெரியாது. ஆனால் அளவு மீறினால் சுருளின் சுற்றுகளுக்கிடையே மின்தேக்கம் தலைகாட்டி வேறு பிழையைக் கொண்டுவரும்.

நாகவோகா கணக்கிட்ட முனைக் கசிவும் இங்கே திரும்ப வந்தது. குட்டையான இரு சுருள்களின் முனைகளில் சிதறும் பாயம், பக்கத்திலுள்ள பேரிங்கையும் உறையையும் தொட்டுவரும். அங்குள்ள எஃகு அசைந்தால் அளவும் அசையும். சுருள்களை எளிதில் காந்தமாகும் உலோக உறைக்குள் வைத்து, பாயம் திரும்பும் பாதையை உறைக்குள்ளேயே அமைத்துக்கொடுப்பது வழக்கமாயிற்று. 1990இல் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஃபிளெமிங், கிளைத்தலை, சுருள்குழல் உள்ளிட்ட மூன்று அமைப்புகளை ஒப்பிட்டு எழுதினார். எந்தச் சுருள் அமைப்பு எந்தப் பிழையை வெல்கிறது என்ற கேள்வி அப்போது தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்திருந்தது.

எட்டு வடிவச் சுருள்

தண்டைச் சூழ இடமில்லாத எந்திரங்களுக்கு மீண்டும் ஒருபக்கத் தலை தேவைப்பட்டது. சசாதா இதற்கு எட்டு வடிவச் சுருளை எடுத்துக்கொண்டார். ஒரு கம்பியை 8 போல மடக்கிச் சுற்றினால், அதன் இரு கண்களிலும் மின்னோட்டம் எதிரெதிர் திசையில் சுழலும். ஒன்றில் எழும் காந்தக்கோடுகள் தண்டுக்குள் இறங்கி மற்றதன் வழியே மேலேறும். இரு கண்களையும் சமமாகத் துளைக்கும் வெளிக்காந்தப்புலம் ஒரு கண்ணில் நேராகவும் மறு கண்ணில் எதிராகவும் மின்னழுத்தத்தை எழுப்பித் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மோட்டாருக்கு அருகில் வேலை செய்ய வேண்டிய உணரிக்கு இது பெரிய காப்பு.

இத்தகைய இரு சுருள்களை ஒன்றன் மேல் ஒன்றாக, செங்குத்தாகக் குறுக்கிட்டு வைத்து, ஒன்றைத் தூண்டவும் மற்றதை உணரவும் பயன்படுத்தினால், முறுக்கில்லாத தண்டில் சமச்சீரின் காரணமாக உணரும் சுருளில் ஒன்றும் எழாது. பிரஸ்டக்டரின் செங்குத்துச் சுருள்கள் தட்டையாகித் தண்டின் மேல் வந்து அமர்ந்தது போன்றது இது. முறுக்கு வந்ததும் தண்டின் எளிய காந்தத் திசை சாயும், சமச்சீர் குலையும், மின்னழுத்தம் எழும். அதன் கட்டம் முறுக்கின் திசையைச் சொல்லும். துளைப்பானின் மேல் ஏறும் முறுக்கை, வேலை நடக்கும்போதே அளக்க 1990களில் இவ்வகைத் தலைகளைக் கொண்டு ஆய்வுகள் நடந்தன.

தண்டே காந்தமானபோது

1992இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஐவன் கார்ஷெலிஸ் வேறு திசையில் போனார். தூண்டும் சுருளை முற்றிலும் நீக்கிவிட்டு, தண்டில் பொருத்திய ஒரு வளையத்தை வட்டத் திசையிலேயே நிலையாகக் காந்தமாக்கினார். வட்டமாகத் தன்னுள்ளேயே முடியும் காந்தத்துக்கு வெளியே துருவம் இல்லை. ஆகவே முறுக்கில்லாதபோது வெளியே புலமும் இல்லை. முறுக்கும்போது காந்தத் திசை சற்றே அச்சுப்பக்கம் சாய்ந்து, வளையத்தின் விளிம்புகளில் முறுக்குக்கு ஏற்ற புலம் எழுகிறது.

அந்தச் சிறு புலத்தை அளப்பதில் சுருள் திரும்பவும் தேவைப்பட்டது. எளிதில் காந்தத் தெவிட்டலுக்குள்ளாகும் உள்ளகத்தின் மேல் சுற்றிய ஃப்ளக்ஸ்கேட் சுருள்கள் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பன்மடங்கு சிறிய புலத்தையும் உணரும். அதனாலேயே பூமியின் புலமே பிழையாகவும் வந்து நின்றது. பரிகாரம் பழைய பாதையிலேயே கிடைத்தது. தண்டில் எதிரெதிர்த் திசையில் காந்தமாக்கிய இரு பட்டைகள், அவற்றின் எதிரே எதிராக இணைத்த இரு சோடிச் சுருள்கள். முறுக்கால் வரும் புலங்கள் கூடும். பூமியின் புலம் கழியும்.

ஸ்டீயரிங்கிலும் சைக்கிளிலும்

1988இல் ஜப்பானில் சுசூகி செர்வோ காரில் மின்விசை ஸ்டீயரிங் வந்தபோது, முறுக்கு உணரி லட்சக்கணக்கில் செய்ய வேண்டிய பொருளாக மாறும் காலம் தொடங்கியது. ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பும் விசையை அறிந்தே மோட்டார் உதவ வேண்டும். அத்தகைய ஸ்டீயரிங்குகளில் பரவலான ஓர் அமைப்பில், மெல்லிய முறுக்குத்தண்டின் இரு முனைகளிலும் பல்வெட்டிய காந்த வளையங்கள் எதிரெதிரே இருக்கும். முறுக்கும்போது பற்கள் ஒன்றையொன்று மூடும் பரப்பு மாறும். சுற்றியுள்ள சுருளின் மின்தூண்டல் மாறும். பக்கத்திலேயே, முறுக்கால் மாறாத வளையங்களைச் சூழ்ந்து இன்னொரு சுருள் இருக்கும். அது அளப்பதற்கு அல்ல. வெப்பத்தால் முதல் சுருள் எப்படி மாறுகிறதோ அப்படியே மாறி, கழிவதற்காக மட்டும் வைக்கப்பட்டது. ஒரு சுற்று பழுதானாலும் வண்டி கட்டுப்பாட்டை இழக்கக்கூடாது என்பதால் இரு தனிச் சுற்றுகளில் ஒரே அளவை எடுத்து ஒப்பிடும் முறையும் வந்தது.

பெருமளவு உற்பத்தியில் கம்பி சுற்றுவதே துல்லியத்தின் எதிரியாயிற்று. சுற்றும்போது கம்பியின் இழுப்பு மாறினால் அடுக்கு மாறும். அடுக்கு மாறினால் மின்தூண்டல் மாறும். அச்சிட்ட சுற்றுப்பலகையிலும், வளையும் மெல்லிய தாளிலும் செம்பைப் பொறித்து உருவாக்கும் தட்டைச் சுருள்கள் இதை மாற்றின. ஒளிப்படலத்தால் வரையப்படும் கோடு பலகைக்குப் பலகை மாறுவதில்லை. இரு சுருள்களை ஒரே பலகையின் இரு அடுக்குகளில் வைத்தால் அவற்றுக்கிடையே வெப்பமும் ஏறக்குறைய ஒன்றே. வளையும் தாளில் 45 பாகை சாய்ந்த கோடுகளாகச் சுருளைப் பொறித்துத் தண்டைச் சுற்றி வைத்தால், சாய்வு சுருளிலேயே அமைந்துவிடுகிறது. தண்டில் பட்டையோ பள்ளமோ தேவையில்லை. ஒரு தாளில் வலச்சாய்வும் மறு தாளில் இடச்சாய்வுமாக நான்கு சுருள்களை முழுப் பாலமாக இணைத்தால், வளைய டார்டக்டரின் சராசரியும் கிளைத்தலையின் கழித்தலும் சில மில்லிமீட்டர் தடிமனுக்குள் அடங்குகின்றன. மின்சைக்கிளின் மிதியச்சுக்குள் பொருந்தும் அளவுக்குச் சிறிய உணரிகளும் இந்த வழியில் சாத்தியமாயின.

சுருளால் தீராதது

சுருள் அமைப்பு எவ்வளவு நேர்த்தியானாலும் இரு பக்கத்துக்கும் பொதுவானதை மட்டுமே அதனால் கழிக்க முடியும். வெப்பம், வெளிக்காந்தம், இடைவெளி, செம்பின் தடை ஆகியவை இரு சாய்வுகளையும் ஒரேபோலப் பாதிப்பதால் கழிந்துபோகின்றன. காந்தத் தயக்கம் அப்படியல்ல. இழுபடும் சாய்வில் அது ஒரு திசையிலும் அமுங்கும் சாய்வில் எதிர்த்திசையிலும் பின்தங்குகிறது. கழிக்கும்போது முறுக்கைப் போலவே அதுவும் கூடி வெளிவருகிறது. தண்டின் ஒரு பட்டையில் மட்டும் வெப்பம் ஏறினாலும் இதே கதிதான். இந்தப் பிழைகளுக்கு மருந்து உலோகத்தில்தான் இருக்கிறது: எஃகின் வகையைத் தேர்வதில், அதைப் பதப்படுத்துவதில், மேற்பரப்பைச் சிறு குண்டுகளால் அடித்துத் தகைவைச் சீராக்குவதில், உணர்படலத்தைத் தேர்வதில். யூவிங் டோக்கியோவில் கம்பியை முறுக்கிக் கண்ட பின்தங்கலை உலோகவியல்தான் குறைக்க வேண்டும். மற்றவற்றைக் கழிப்பது சுருளின் வேலை.